டிசம்பர் முப்பதும் பொதுநிரல் பேரவையும்

வீட்டில் அவன் பெயர் கடைக்குட்டி. வேறு பெயர் ஒன்றும் உண்டு. அது குடியிருப்பு அட்டையில் இருக்கிறது, அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தக் கதை. வயது இருபத்தேழு. இருப்பது கடல் தாண்டிய ஓர் ஊரில், நான்காம் மாடியில், துணி துவைக்கும் எந்திரங்கள் வைத்திருக்கும் அறைக்கு அடுத்த அறையில். சுவர் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். எந்திரம் வேகம் பிடித்தால் மேசை, கட்டில், தண்ணீர்க் குவளை எல்லாம் சேர்ந்து நடுங்கும். கடைக்குட்டிக்கு அது ஒரு வசதி. தான் நடுங்குவது தனியாகத் தெரியாது.

வேலை, பார்சல் பிரிக்கும் கிடங்கின் கணினிப் பிரிவில். அங்கே ஏழெட்டு மென்பொருள்கள் ஓடின. ஒவ்வொன்றும் தேதியைத் தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டது. ஒன்று வெள்ளிக்கிழமை வரும் என்ற பார்சலை இன்னொன்று போன வெள்ளியே வந்துவிட்டது என்று சொல்லும். தலையைப் பிய்த்துக்கொண்ட கடைக்குட்டி, எல்லா மென்பொருளும் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்படி ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல்தொகுப்பு, அதாவது லைப்ரரி, எழுதினான். மூன்றே கோப்பு. இன்று என்ன தேதி, அது எப்போது, இடையில் எத்தனை நாள்: இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும். பெயர் 'எப்போ'. நன்றாக வந்திருக்கிறதே என்று இணையத்தில் பொதுவில் போட்டான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று.

வீட்டுக்கு இதை விளக்கியதுதான் பெரும்பாடு. கிடங்கிலிருந்து அறைக்கு நடந்துகொண்டே போனிடம் சொல்லுவான், போன் எழுத்தாக்கிக் குடும்பக் குழுவில் போடும். தையல்கடை வைத்திருக்கும் அக்கா உடனே திருப்பிக் கூப்பிட்டுவிடுவாள்.

"அக்கா, நீ அளவுக் காகிதம் வெட்டி வெச்சிருக்கேல்ல? ஒரு தடவ சரியா வெட்டிட்டா ஆயிரம் சட்டைக்கு அதையே போட்டுக்கலாம். நான் தேதிக்கு அந்த மாதிரி வெட்டியிருக்கேன்."

"சரிடா. அதை ஏன் தெருவுல போட்ட?"

"யாரு வேணா எடுத்துக்கட்டும்னுதான்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "நல்ல மனசுதான். ஆனா நல்ல மனசுக்கு எவனும் ரசீது குடுக்கமாட்டானே."

எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு ஒரு பல் மருத்துவமனை, பேருந்துக் கம்பெனி, அரசு அலுவலகங்கள். இரண்டு வருடத்தில் எப்போ இல்லாத இடம் இல்லை. நன்றி சொல்லி ஆறு பேர் எழுதினார்கள். குறை சொல்லி நாலாயிரம் பேர் எழுதினார்கள். உங்கள் லைப்ரரியால்தான் என் கல்யாண நாளை மறந்தேன், இதற்கு என்ன பதில் என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைக்குட்டி அவரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

கூடமாட உதவிக்கு ஒருவன் வந்தான். முன்பு இதே அறையில் இதே கட்டிலில் முறைபோட்டுப் படுத்தவன்; இவன் பகல் வேலைக்குப் போனால் அவன் தூங்குவான். எதிலும் பாதி கேட்பான் என்பதால் அவனுக்குப் பங்காளி என்று பெயர். சோப்பில் பாதி, போர்வையில் பாதி, கடைசியில் எப்போவிலும் பாதி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கடைக்குட்டிக்குக் கண்ணில் நீர் வராத குறை.

பேரவையைக் கூட்டிவந்ததும் பங்காளிதான்.

பொதுநிரல் பேரவை என்பது இப்படிப் பொதுவில் போட்ட திறந்த நிரல்களைத் தத்தெடுத்துப் பராமரிக்கும் அமைப்பு. அதில் நாற்பத்தோரு குழுக்கள் இருந்தன. குழுக்களைக் குறைப்பதற்கான குழு மட்டும் மூன்று. தலைவர் திரையில் வந்தார். பின்னால் புத்தக அலமாரி; புத்தகங்களின் முதுகு அவர் சட்டை நிறத்திலேயே இருந்தது.

"தம்பி, நிரல்ங்கிறது குழந்தை மாதிரி," என்றார் தலைவர். "பெத்தவங்க கையில விட்டா செல்லம் குடுத்துக் கெடுத்துருவாங்க. அதான் நாங்க எடுத்து வளர்க்கிறோம். இதுவரைக்கும் அறுபது குழந்தைய எடுத்திருக்கோம்."

"எல்லாம் நல்லா இருக்காங்களா சார்?"

"எல்லாத்துக்கும் தனித்தனியா குழு இருக்கு," என்றார் தலைவர்.

பதினெட்டுப் பக்க ஒப்பந்தம். கடைக்குட்டி இரண்டாம் பக்கம்வரை படித்தான். பிறகு அன்றைக்கு வந்திருந்த முப்பத்தேழு குறைகளை நினைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான். அன்று நிம்மதியாகத் தூங்கினான். சுவர் இதமாக இருந்தது.

பேரவை குழந்தையை வளர்க்க ஆரம்பித்தது. மூன்று கோப்பு இருநூற்றுப் பதினாறு கோப்பாயிற்று. இன்று என்ன தேதி என்று கேட்க இப்போது ஒரு தேதி வழங்குநர் வேண்டும். தேதி வழங்குநரை உண்டாக்க ஓர் ஆலை வேண்டும். அந்த ஆலையை உண்டாக்க இன்னோர் ஆலை வேண்டும். இத்தனையும் கூடி ஒருவழியாகத் தேதியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, அது இன்றைய தேதிதானா என்று ஒருமுறை காலண்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது என்று கையேட்டிலேயே அடிக்குறிப்பு இருந்தது. பங்காளி தலைமைப் பராமரிப்பாளன் ஆனான். கடைக்குட்டிக்கு 'நிறுவனர், மதிப்புறு' என்று பட்டம் கொடுத்தார்கள். மதிப்புறு என்றால் நிரலைத் தொடக்கூடாது என்று அர்த்தம். அது நான்காம் பக்கத்தில் இருந்ததாம்.

அக்டோபரில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டான். அட்டை ஜனவரி பதினொன்றாம் தேதி முடிகிறது. குடியிருப்பு அலுவலகத்தின் கணினி நேர்காணலுக்கு நாள் குறித்துச் சீட்டு அனுப்பியது. டிசம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை, காலை பத்து. எல்லாம் சரி. ஆண்டு மட்டும் அடுத்த ஆண்டு.

கடைக்குட்டி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் முதுகைக் காட்டி நின்றாலும் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியும் அல்லவா? அப்படித் தெரிந்தது. இது எப்போவின் வேலை. அதுவும் பேரவை சேர்த்த இருநூற்றுச் சொச்சம் கோப்பின் வேலையில்லை; தன் கையால் எழுதிய முதல் மூன்று கோப்பில் உள்ளது.

கிடங்கில் எல்லாம் வாரக் கணக்கு. டிசம்பர் இருபத்தொன்பது திங்கட்கிழமையாக வந்தால், அந்த வாரம் அடுத்த ஆண்டின் முதல் வாரமாகச் சேரும். பார்சலுக்கு அது சரி. கடைக்குட்டி அந்தப் பழக்கத்தில், தேதியை எழுதிக் காட்டும் இடத்திலும் வாரத்தின் ஆண்டைப் போட்டுவிட்டிருந்தான். சில ஆண்டுகளில் மட்டும், கடைசி இரண்டு மூன்று நாள் மட்டும் வரும் பிழை. அந்த நாட்களில் உலகத்தில் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினான். மூன்றாம் கவுண்டரில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் போட்டிருக்கே."

"ஆமா மேடம், அது தப்பு. அந்த தப்ப எழுதினதே நான்தான்."

அவள் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தாள். "ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போய் எழுதினீங்களா?"

"ஐயோ இல்ல. லைப்ரரி... அது வந்து..."

"இங்க பாருங்க. நான் தேதியெல்லாம் கையால மாத்த முடியாது. இதை ரத்து பண்ணினா ஆறு மாசத்துக்குப் புதுசா போட முடியாது. சாஃப்ட்வேர்ல சரி பண்ணி வந்தா அதுவே மாறிடும். வரலைன்னா அட்டை முடியிற அன்னிக்கு நீங்க நாட்ட விட்டுக் கிளம்பணும்."

திருத்த வேண்டியது ஒரே வரிதான். அறைக்கு வந்து, எந்திரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் திருத்தி, சோதித்து, பேரவைக்கு அனுப்பினான். பொதுவில் கிடக்கிறதே, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாமே. அதுதானே திறந்த நிரலின் அழகு?

பதில் உடனே வந்தது. எழுதியது ஓர் எந்திரம். உங்கள் பங்களிப்பைக் கண்டு மனம் நெகிழ்கிறோம், பதினான்கு நாள் அசைவில்லாமல் இருந்தால் இது தானாக மூடப்படும் என்றது. பதினான்கு நாள் யாரும் அசையவில்லை. மூடப்பட்டது. கடைக்குட்டி மறுபடி திறந்தான். இந்த முறை தினமும் காலையில் ஒரு வார்த்தை எழுதிவைத்தான்: "இருக்கிறேன்." மறுநாளும், "இருக்கிறேன்." ஒன்பதாம் நாள் பயத்தில் "சீக்கிரம்!" என்று எழுதிவிட்டான்.

பேரவையின் நன்னடத்தைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. அன்புள்ள மதிப்புறு நிறுவனருக்கு, தாங்கள் பயன்படுத்திய ஆச்சரியக்குறி பராமரிப்பாளர்கள்மேல் அவசர உணர்வைத் திணிப்பதாக அமைந்துள்ளது. தங்கள் மனநலத்தில் அக்கறைகொண்டு தங்களைப் பத்து நாள் பேசவிடாமல் வைக்கிறோம்.

பத்து நாள் பேசாமல் இருந்தான். பேச்சு திரும்பியதும் பேரவையின் நடைமுறை அலுவலர் அம்மாள் கூப்பிட்டார். அவர் குரலில் அத்தனை கனிவு.

"உங்க திருத்தத்த நாங்க பார்க்கவே முடியாதுங்க. பங்களிப்பாளர் படிவம் தரலையே நீங்க."

"அது நான் எழுதின லைப்ரரிங்க."

"இருந்தாலும் நீங்க எழுதினதுல கை வைக்க உங்களுக்கு அனுமதி இருக்கான்னு நாங்க உறுதிபண்ணணும் இல்லையா? ஒண்ணுமில்ல, சின்ன படிவம்தான். குடியிருப்பு அட்டை நகல் ஒண்ணு போதும். குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடியாகணும்."

கடைக்குட்டி சுவரில் கை வைத்துக்கொண்டான். "மேடம், அட்டை கிடைக்கணும்னா இந்தத் திருத்தம் போகணும்."

"ரொம்ப நல்லது. அப்ப அட்டை வந்ததும் அனுப்புங்க. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

அன்று போனிடம் நடந்ததைச் சொன்னபோது, இரண்டு முறை பாதியில் விட்டு மறுபடி தொடங்கினான். எழுத்தில் அது தெரியவில்லை. ஆனாலும் அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டா, கழுத்தளவு தப்புன்னு தெரிஞ்சா கத்தரிய எடுத்து வெட்டுவாங்களா, தெருவைக் கூட்டி ஓட்டு எடுப்பாங்களா?"

"கத்தரி இப்ப எங்கிட்ட இல்லக்கா."

"உன் கத்தரிய எவன்டா வாங்கிட்டுப் போனான்?"

அதற்குள் அம்மா போனை வாங்கினாள். "அந்தப் பையன் பங்காளி இருக்கானே, உன்கூட ஒரே கட்டில்ல படுத்தவன். அவன்கிட்ட கேளு. அவன் செய்யாமலா போயிருவான்?"

கேட்டான். பங்காளி உடனே எடுத்தான். "மச்சான், நான் இருக்கேன்ல? விசாரணைக் குழுவுல சொல்லி உன்னையே நேர்ல பேச வைக்கிறேன்."

டிசம்பர் எட்டாம் தேதி விசாரணை. நீள மேசை, ஒரே மாதிரி பதினொரு நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் புட்டி. கடைக்குட்டிக்கு நாற்காலி மட்டும் இருந்தது. பங்காளி புதுச் சட்டையில் தலைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான். கண்ணைச் சிமிட்டினான். கடைக்குட்டிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தலைவர் தொடங்கினார். "நீங்க இதைப் பிழைன்னு சொல்றீங்க. நாங்க நீண்டகால நடத்தைன்னு சொல்றோம். நாலு வருஷமா அந்த நாள்லாம் அடுத்த வருஷத்துல இருக்கு. அதை நம்பி எத்தனை நிறுவனம் இருக்கும்? திடீர்னு ஒரு நாள் உண்மையான தேதியக் குடுத்தா அவங்க கதி என்ன? பேரவையோட முதல் கடமை நம்பகத்தன்மை, தம்பி. தப்பா இருந்தாலும் நேத்து மாதிரியே தப்பா இருக்கணும்."

பதினொரு பேனாக்கள் அதைக் குறித்துக்கொண்டன.

"சார், ஜனவரி பதினொண்ணுக்கு அப்புறம் நான் இங்க இருக்க முடியாது சார்."

தலைவர் பங்காளியைப் பார்த்தார். பங்காளி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

"இதை நான்தான் சொல்லணும், மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றான். "நிறுவனர் அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இந்தத் திருத்தத்தால அவருக்குச் சொந்த லாபம் இருக்கு. நலன் முரண்பாடு. இந்தப் பிழையால பாதிக்கப்படாத ஒருத்தர் வந்து கேட்டாத்தான் நாம பாரபட்சமில்லாம பரிசீலிக்க முடியும்."

"பாதிக்கப்படாதவன் ஏன்டா கேக்கப் போறான்?" என்றான் கடைக்குட்டி.

"அதனாலதான் இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றார் தலைவர், வெகு பொறுமையாக. "அப்ப இது எவ்வளவு சின்ன பிரச்சினைன்னு பாருங்க."

ஆனாலும் பேரவை மனிதாபிமானம் இல்லாத அமைப்பு அல்ல. பொதுக்குழுவைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்துவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. அலுவலகத்தில் அவன் நேரம் முப்பதாம் தேதி என்பதால், அதற்கு முந்தைய நாளே, டிசம்பர் இருபத்தொன்பதில், கூட்டம். நடைமுறை அலுவலர் அம்மாள் அங்கேயே கணினியில் தேதியைத் தட்டி, நூற்றிருபது உறுப்பினர்களுக்கும் அழைப்பு அனுப்பினார். அனுப்பிவிட்டுத் திரையை ஒருகணம் பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அடுத்த வருஷம்னு போயிருக்கு," என்றார்.

கடைக்குட்டி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "பாத்தீங்களா? அதேதான் சார்! இதைத்தான் ரெண்டு மாசமா சொல்றேன்!"

தலைவர் கையை உயர்த்தி அவனை அமர்த்தினார். பக்கத்தில் குனிந்து ஏதோ கலந்துபேசினார். பிறகு நிமிர்ந்தார்.

"அழைப்பு போயிடுச்சு. அனுப்பின அழைப்ப மாத்துறது மரபில்ல. கூட்டம் அடுத்த வருஷம் டிசம்பர் இருபத்தொன்பது."

பதினொரு பேனாக்கள் அதையும் குறித்துக்கொண்டன.

டிசம்பர் முப்பது காலை ஒன்பதே முக்காலுக்குக் கடைக்குட்டி குடியிருப்பு அலுவலகத்தில் இருந்தான். கையில் சீட்டு, பழைய அட்டை, கிடங்கு கொடுத்த கடிதம், நான்கு புகைப்படம். எதற்கும் இருக்கட்டும் என்று தன் நிரலை அச்செடுத்து, அந்த ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டுக் கொண்டுவந்திருந்தான். வாசலில் காவலாளி சீட்டை வாங்கி, விரலால் ஆண்டைத் தொட்டுக் காட்டினார்.

"முன்னாடியே வந்துட்டீங்க."

"எவ்வளவு முன்னாடி?"

"ஒரு வருஷம்."

கெஞ்சி உள்ளே போனான். மூன்றாம் கவுண்டர் பெண்ணுக்கு அவனை நினைவிருந்தது. உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் சற்றுத் தள்ளி ஏழாம் கவுண்டரில் ஓர் எண் ஒளிர்ந்தது. பெரிய கம்பெனிகள் வழியாக வருகிறவர்களுக்கான கவுண்டர் அது. கோட்டுப் போட்ட ஓர் ஆள் சீட்டை நீட்டினார். டிசம்பர் முப்பது. இந்த ஆண்டு. இரண்டு நிமிடத்தில் கைரேகை வைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டே போனார்.

"மேடம், அவருக்கு மட்டும் எப்படி சரியா வந்தது?"

"அந்தக் கவுண்டருக்கு வேற சாஃப்ட்வேருங்க. போன மாசம் பேரவையில இருந்து ஒருத்தர் வந்து தேதியெல்லாம் சரிபண்ணிட்டுப் போனார். காசு கட்டுற தங்க உறுப்பினருக்கு மட்டும் தர்ற பதிப்பாம் அது. நாங்க சாதா கவுண்டர். எங்களுக்கு இலவசமா கிடைக்கிறதுதான்."

அவள் நல்லவள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். பதிப்புக் குறிப்பு. ஆண்டு இறுதித் தேதிப் பிழை நீக்கம். நவம்பர் மூன்று. திருத்தியவர் இடத்தில் பங்காளியின் முழுப்பெயர். கீழே அந்த ஒரு வரி. கடைக்குட்டி தன் அச்சுத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எழுத்துக்கு எழுத்து அவனுடையது.

விசாரணை நடந்தது டிசம்பர் எட்டு. அவனை மேசை முன்னால் உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டி, நலன் முரண்பாடு என்று பங்காளி எழுந்து பேசியபோது, அந்த வரிக்கு வயது ஐந்து வாரம்.

அலுவலகத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். இந்த முறையும் பங்காளி உடனே எடுத்தான்.

"மச்சான், கோவப்படாத. முழுசா கேளு. நீ அனுப்பினது மூடிப் போச்சுல்ல? மூடினதுக்கு உரிமையாளர் கிடையாது. அதனால நான் எழுதினேன்."

"அதே வரியா?"

"அதே வரிதான். ஒரு புள்ளிகூட மாத்தல. உன் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. கட்டில்ல பாதி குடுத்தேனே."

"உன்கிட்ட நான் மறைப்பேனா? மறைக்கச் சொல்லி எழுதி வாங்கியிருக்காங்க. இலவசப் பதிப்புலயும் சரியா இருந்துட்டா அப்புறம் எவன் தங்க உறுப்பினர் ஆவான், நீயே சொல்லு." அப்படியே அடுத்த பேச்சுக்குத் தாவினான். "ஆமா, அந்த அறைய எப்ப காலி பண்ற? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு வேணும்."

கடைக்குட்டி போனை வைத்துவிட்டான்.

அறைக்குத் திரும்பியதும் எப்போ என்ற பெயரிலேயே சரியான பதிப்பைப் பொதுவில் போட்டான். பேரவையின் வழக்கறிஞர் ஒரு மணிநேரத்தில் எழுதினார்: அந்தப் பெயர் பேரவையின் சொத்து, பதினோராம் பக்கம் பார்க்கவும். இந்த ஒரு காரியத்தில் மட்டும் பேரவை சீக்கிரமாக இருந்தது. கடைக்குட்டி பெயரை எடுத்துவிட்டான்.

அம்மாவிடம் தானே கூப்பிட்டுச் சொன்னான். போனை எழுதவிடவில்லை. அம்மா முழுவதும் கேட்டாள். திட்டவில்லை. "பத்தாம் தேதி பிளேனுக்கே வந்துரு. கடைசி நாள் வரைக்கும் நிக்காத," என்றாள். பிறகு, "அந்தப் பையன் எங்கிட்ட எத்தனை தடவ நல்லா பேசியிருக்கான்," என்று தனக்குத்தானே சொன்னாள்.

இரண்டு பை. ஒன்றில் துணி, இன்னொன்றில் கணினி. கட்டிலைத் துடைத்து, சாவியைக் கீழ்த்தளத்துப் பெட்டியில் போடும் முன், மேசையில் உட்கார்ந்து கடைசியாக ஒரு வேலை செய்தான். பழைய மூன்று கோப்பும், திருத்திய அந்த ஒரு வரியும். பெயரில்லை, பட்டமில்லை, ஒப்பந்தமில்லை. வழக்கமாக லைப்ரரியின் பெருமையை எழுதும் முகப்புப் பக்கத்தில், போனை வாயருகே பிடித்து, வீட்டுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். போன் எழுதிக்கொண்டது:

இதைப் படிக்கிறவங்களுக்கு. இது தேதி சொல்ற லைப்ரரி. மூணு கோப்புதான். முதல்ல இதுல ஒரு தப்பு இருந்தது, அது நான் பண்ணினது, இப்ப இல்ல. வேணும்னா எடுத்துக்குங்க, எங்கிட்ட கேக்க வேண்டாம், என் பேரப் போட வேண்டாம். உங்க ஆபீஸ்ல இன்னும் பழசுதான் ஓடுதுன்னா ஒண்ணு மட்டும் செய்யுங்க. டிசம்பர் கடைசி நாள்ல யாராவது அடுத்த வருஷச் சீட்ட வெச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா, திருப்பி அனுப்பிடாதீங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, அவங்க வேலைய முடிச்சுக் குடுங்க.